மகள் ஜப்பானில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கப் போகிறாள். அங்கே வீட்டு நடைமுறை எப்படி இருக்கும்?

தென்காசி அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஏ.எஃப்.எஸ். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானுக்குத் தேர்வாகியிருக்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் கிளம்பி மார்ச்சில் திரும்புவாள். நீகாத்தா மாகாணம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள், எந்தக் குடும்பம் என்று இனிமேல்தான் தெரியும்.

டோக்கியோவைச் சுற்றிக் காட்டும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ஒரு ஜப்பானியக் குடும்பத்தில் காலையிலிருந்து ராத்திரி வரை எப்படிப் போகும் என்று சொல்ல ஆளில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

நாங்கள் சைவம், மகள் முட்டை மட்டும் சாப்பிடுவாள். ஒரே தொட்டித் தண்ணீரில் வீட்டில் எல்லோரும் குளிப்பார்கள் என்கிறார்களே, மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வாள்? பனி, நிலநடுக்கம் இரண்டையும் நினைத்தால் தூக்கம் வரவில்லை. மொழியில் ஹிராகானா, கத்தகானா எழுத்துகள் மட்டும் படித்திருக்கிறாள். அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

நாகாவோகா மாணவி எழுதியது:

வணக்கம் அம்மா. நீகாத்தா என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பதினொன்றாம் வகுப்பில் அதே மாகாணத்தில் நாகாவோகா என்ற ஊரில் இருந்தேன். சொந்த ஊர் கும்பகோணம். அந்த வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, என்னைவிட இளையவனாக ஒரு தம்பி. எனக்கு அவர்கள் இன்றும் ஒதோஸான், ஒகாஸான், ஒபாசான், தம்பிதான். வாராவாரம் பேசிக்கொள்கிறோம்.

செவ்வாய்க்கிழமையைக் கேட்டீர்கள், அதையே சொல்கிறேன். விடியற்காலையிலேயே ஒகாஸான் சமையலறையில் இருப்பார். அங்கே பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் மதியச் சாப்பாடு போட மாட்டார்கள், டப்பா கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அதைப் பெந்தோ என்பார்கள். குக்கரைத் திறந்ததும் முதல் சோற்றை ஒபாசான் ஒரு குட்டிப் பித்தளைக் கிண்ணத்தில் எடுத்து, தாத்தாவின் படம் இருக்கும் பூஜை அலமாரியில் வைத்து, ஊதுபத்தி ஏற்றி, சின்ன மணியை ஒரு தட்டுத் தட்டுவார். எங்கள் வீட்டில் முதல் பிடி காக்காய்க்கு வைப்போம் என்று ஒருநாள் அரைகுறை ஜப்பானியத்தில் சொன்னேன். மறுநாளிலிருந்து அந்தக் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைப்பது என் வேலையாகிவிட்டது. ஒபாசான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏழேகாலுக்கு சைக்கிள். வாசலில் நின்று "இத்தெகிமாஸு" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சொல்லாமல் போனால் வீட்டில் உள்ளவர்களுக்கு மனசு கஷ்டப்படும். பள்ளியில் வெளிச் செருப்பை அலமாரியில் வைத்துவிட்டு உள் செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வகுப்பில் நாற்பது பேர் வரை, ஒவ்வொரு பாடவேளையும் ஐம்பது நிமிடம். பாடம் முடிந்ததும் மாணவர்களே வகுப்பறை, தாழ்வாரம், கழிப்பறை எல்லாவற்றையும் பெருக்கித் துடைப்பார்கள். உங்கள் மகளுக்கும் ஒரு துடைப்பமோ துணியோ கையில் வரும். தயங்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வகுப்பில் பேசாத பெண்கள்கூட ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நம்மிடம் பேசுவார்கள்.

அதற்குப் பிறகு கிளப். இதைக் கட்டாயம் மகளிடம் சொல்லுங்கள். பாடம் பாதி புரியும், பாதி புரியாது, அது பரவாயில்லை. ஆனால் ஏதாவது ஒரு கிளப்பில் சேராவிட்டால் நான்கு மணிக்குத் தனியாக வீடு திரும்ப வேண்டியதுதான். நான் கியூதோவில் சேர்ந்தேன், அவர்களுடைய வில்வித்தை. இலக்கு 28 மீட்டர் தள்ளி இருக்கும், அதன் குறுக்களவு 36 சென்டிமீட்டர். சேர்ந்ததும் அம்பைக் கையில் தர மாட்டார்கள். முதலில் ரப்பர் கட்டிய ஒரு குச்சியை இழுத்து இழுத்துக் கை நிலையைப் பழக வேண்டும், பிறகு அம்பில்லாத வில், அப்புறம் இரண்டு மீட்டர் தூரத்தில் வைக்கோல் கட்டு. மூத்த மாணவி ஒருத்தி தினமும் என் முழங்கையைப் பிடித்துச் சரியான உயரத்துக்குத் தூக்கிவிடுவாள். நான் அங்கே ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டது அவளிடம்தான். மொழியைப் பற்றிப் பயப்படாதீர்கள். வினைச்சொல் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு மாதிரிச் சின்னச் சின்ன ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வருவது எல்லாம் தமிழில் இருப்பதுதான். இங்கிலீஷில் யோசித்து மாற்றாமல் தமிழிலேயே யோசித்து அடுக்கினால் வாக்கியம் தானாக அமையும்.

இப்போது சாப்பாடு. "சைவம்" என்று ஒரு வார்த்தையில் எழுதிக் கொடுத்தால் பத்தாது. இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் போதும் என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே சமையலின் அடிப்படையே தாஷி என்ற சாறு. பெரும்பாலும் காய வைத்த சூரை மீனைச் சீவி அதில்தான் இறக்குவார்கள். மிஸோ சூப், வேக வைத்த பூசணி, நூடுல்ஸுக்கு ஊற்றுவது என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். கடையில் கட்டியாக விற்கும் கறி மசாலாவில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது சாதாரணம். ஜெல்லியில் ஜெலட்டின் இருக்கும். அதனால் குடும்பம் முடிவானதுமே இன்னின்னது வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்புங்கள். அதைவிட முக்கியம், எது எது சாப்பிடுவாள் என்பதையும் எழுதுங்கள். கோம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த ஷீத்தாகே காளானிலும் தாஷி எடுக்கலாம், அது சுத்த சைவம், அங்கே மடங்களில் துறவிகள் சாப்பிடும் சமையலே அதுதான். எங்கள் ஒகாஸான் ராத்திரியே ஒரு ஜாடித் தண்ணீரில் கோம்பைப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவார். காலையில் வீட்டுக்கே அந்தச் சூப்தான்.

என் டப்பாவில் இருந்தவை: உப்பிட்ட உமேபோஷிப் பழம் வைத்த சோற்று உருண்டை, சுருட்டிய முட்டை, எள் பொடித்துப் பிசறிய கீரை, கேரட்டும் கோபோ கிழங்கும் சீவி வதக்கியது. வீட்டுக்கு வந்ததும் டப்பாவைப் பையிலிருந்து எடுத்துக் கழுவும் தொட்டியில் போட வேண்டும். மறுநாள் காலையில் எடுத்து நீட்டினால் ஒகாஸான் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் அவர் பாடு திண்டாட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சைச் சாதம் செய்தேன். அடுப்பு இண்டக்‌ஷன், கொண்டுபோன அலுமினியத் தாளிப்புக் கரண்டி அதில் வேலை செய்யாது. முட்டை சுருட்டும் நீள்சதுரச் சட்டியில் தாளித்தேன். கடுகு வெடித்ததும் தம்பி மூடியைத் தேடி ஓடினான். நீகாத்தா அரிசி கோஷிஹிகாரி, குட்டையாக, ஒட்டும். எலுமிச்சைச் சாதத்துக்கு உதிரி உதிரியாக வேண்டுமே என்று நான் நின்றபோது ஒபாசான் சுஷிக்குச் சோறு ஆற்றும் அகலமான மரத்தொட்டியைக் கொண்டுவந்தார். சோற்றைக் கொட்டி, மரக் கரண்டியால் கிண்டாமல் குறுக்கே வெட்டுவது போல் வெட்டி, இன்னொரு கையால் விசிறிக்கொண்டே இருந்தார். பருக்கை பருக்கையாகப் பளபளவென்று பிரிந்து வந்தது. மஞ்சள் பட்டால் மரத்தில் கறை போகாது என்று முதலிலேயே சொன்னேன். பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும் என்று அவரே தாளிப்பை எடுத்து ஊற்றினார். அந்த மஞ்சள் இன்னும் தொட்டியில் இருக்கிறது, போன புத்தாண்டுக்குப் படம் அனுப்பியிருந்தார்கள்.

குளியல். தொட்டி உடம்பு தேய்க்கும் இடம் கிடையாது. வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தலைக்கும் உடம்புக்கும் சோப்புப் போட்டு நன்றாக அலசிவிட்டு, அதன் பிறகுதான் சூடான தண்ணீருக்குள் இறங்கி உட்கார வேண்டும். அதனால் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும். ஏறியதும் அடைப்பானைப் பிடுங்கக் கூடாது, அடுத்தவர் வருவார். மேல்மூடியைப் போட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் வீட்டில் மிச்சத் தண்ணீரைக் குழாய் போட்டுத் துணி துவைக்க எடுத்துக்கொள்வார்கள். நீளமான கூந்தலாக இருந்தால் மேலே தூக்கிக் கட்டிக்கொள்ளட்டும், வடிகாலில் சேரும் முடியை எடுத்துப் போட்டுவிட்டு வரட்டும். மாதவிலக்கு நாட்களில் தொட்டியில் இறங்காமல் ஷவரில் குளித்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். அங்கேயும் பெண்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், ஒகாஸானிடம் போன முதல் வாரமே பேசிவிட்டால் நாப்கினை எங்கே போடுவது என்பதையும் அவரே காட்டிவிடுவார். தேங்காய் எண்ணெய் குளிர்காலத்தில் கல்லாக உறைந்துவிடும், தலையணை உறையிலும் கறை பிடிக்கும். ராத்திரிக் குளியலுக்கு முன்னால் தேய்த்து அலசிவிடுவது நல்லது.

நான் சொல்ல வந்ததே இனிமேல்தான் அம்மா. அந்த வீட்டில் உங்கள் மகளுக்கென்று ஒரு வேலை இருக்க வேண்டும். முதல் பத்து நாள் அவர்கள் எதையும் தொட விட மாட்டார்கள். முதல் குளியல் அவளுக்கு, நல்ல துண்டு அவளுக்கு. அதிலேயே உட்கார்ந்துவிட்டால் மார்ச் வரைக்கும் விருந்தாளிதான். நான் குளியல் தொட்டி கழுவுவதை எடுத்துக்கொண்டேன், அதுவரை அது தம்பியின் வேலை. சாயங்காலம் வந்ததும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்பாஞ்சால் அடியிலும் ஓரத்திலும் தேய்த்து, அலசி, அடைத்து, பொத்தானை அழுத்த வேண்டும். நிரம்பியதும் அந்த இயந்திரமே குரல் கொடுக்கும். அந்த வேலை என்னுடையது ஆன பிறகுதான் ஒகாஸான் என்னை அதட்ட ஆரம்பித்தார். "விளக்கை அணை", "தலையைக் காய வை", "போனை வைத்துவிட்டுத் தூங்கு". எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தம்பியை அதட்டும் அதே குரல். அந்தக் குடும்பங்களுக்கு ஒரு யென் சம்பளம் கிடையாது, தன்னார்வமாகத்தான் நம்மை வைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு வீட்டுப் பெண்ணுக்காக எட்டு மாதம் சூப்பையே மாற்றிய மனுஷி அவர். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும்.

பனிக்கு நாகாவோகாக்காரர்கள் பழகியவர்கள். சாலையின் நடுவில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைப்பார்கள். அந்தத் தண்ணீரில் இரும்பு இருப்பதால் ஊரில் சாலையெல்லாம் செங்காவி நிறமாக இருக்கும். நீர்புகாத ரப்பர் பூட்ஸ் அங்கேயே வாங்கட்டும். வீட்டுக்குள் எல்லா அறையும் சூடாக இருக்காது, கூடத்தில் கொதாத்சு என்ற, அடியில் ஹீட்டர் வைத்துப் போர்வை போட்டு மூடிய தாழ்வான மேஜையும் மண்ணெண்ணெய் ஹீட்டரும் இருக்கும், தாழ்வாரம் ஐஸாக இருக்கும். உள்ளே போடும் கம்பளி உடை இரண்டு ஜோடி வேண்டும்.

நிலநடுக்கத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். 2004 அக்டோபர் 23 அன்று அந்தப் பகுதியில் 6.8 அளவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. ஓடிக்கொண்டிருந்த ஷின்கான்சென் அதிவேக ரயிலே நாகாவோகா பக்கத்தில் தடம் புரண்டது, ஆனால் அதில் ஒரு பயணிகூட இறக்கவில்லை. எங்கள் வீட்டார் அப்போது ராத்திரிகளைக் காருக்குள் கழித்தவர்கள். அதனால் வாசல் பக்கத்தில் தண்ணீர், டார்ச், கம்பளி எல்லாம் கட்டிய ஒரு பை எப்போதும் இருக்கும். நான் போன அன்று ராத்திரியே ஒதோஸான் அந்தப் பையைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டி, எந்த மைதானத்தில் போய் நிற்க வேண்டும் என்று நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார். அதற்குள் எனக்கென்று ஒரு ஜோடிக் கையுறை புதிதாக வாங்கி வைத்திருந்தார்கள்.

---

நிஷிகசாய் வாசி எழுதியது:

தங்கை எழுதியது ஒவ்வொரு வரியும் சரி. நான் டோக்கியோ எதோகாவா பகுதியில் குடும்பத்தோடு இருக்கிறேன். பயணப் பை பற்றி மட்டும் சேர்த்துவிடுகிறேன்.

பருப்பு, சாம்பார் பொடியெல்லாம் மூட்டை கட்ட வேண்டாம். எங்கள் பக்கத்து இந்தியக் கடைகள் நீகாத்தாவுக்கும் பார்சல் அனுப்புவார்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் எதுவும் கொண்டுவர வேண்டாம், விமான நிலையத்தில் தாவரப் பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள்.

மருந்தில் கவனம் தேவை. சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மாத்திரை ஜப்பானில் தடை. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரையிலும் அது இருக்கலாம், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தையும் தவிர்த்துவிடுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து ஒரு மாத அளவு வரை சீட்டோடு கொண்டுவரலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் கிளம்புவதற்கு முன்பே யூன்யூ ககுனின்ஷோ என்ற அனுமதி வாங்க வேண்டும்.

பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே வசிப்பிட அட்டை கொடுத்துவிடுவார்கள். 16 வயது நிறைந்தவர்கள் அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டில் குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும், அதை அந்தக் குடும்பமே கூட்டிப்போய்ச் செய்துவிடும்.

---

தென்காசி அம்மா எழுதியது:

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். வில் கிளப்பைப் பற்றி மட்டும் மூன்று தடவை கேட்டாள்.

இன்னும் சில விஷயம். மகள் மூக்குத்தியும் கம்மலும் போட்டிருக்கிறாள், பள்ளியில் விடுவார்களா? குடும்பம் ஒத்துப் போகவில்லை என்றால் யாரிடம் சொல்வது? அப்புறம், தினமும் ராத்திரி அவளோடு பேசலாமா? அவள் குரல் கேட்காமல் ஒரு நாள்கூட நான் இருந்ததில்லை. கையில் என்ன பரிசு கொடுத்துவிடலாம்?

---

நாகாவோகா மாணவி எழுதியது:

அம்மா, நகை விஷயத்தை இப்போதே கேட்டு முடிவு செய்துவிடுங்கள். அங்கே நிறையப் பள்ளிகளில் காது குத்தி நகை போடுவதற்கே அனுமதி இல்லை. இது எங்கள் வழக்கம், குழந்தையிலேயே குத்திவிடுவோம் என்று விளக்கி, ஏ.எஃப்.எஸ். அமைப்பின் மூலமாகப் பள்ளிக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் போகட்டும். என் பள்ளி கம்மலைக் கழற்றச் சொன்னது, ஓட்டை தூர்ந்து போகாமல் இருக்க நிறமில்லாத பிளாஸ்டிக் குச்சி போட அனுமதித்தது. மூக்குத்திக்கும் அப்படியே கேளுங்கள். தங்கத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

குடும்பத்தில் ஏதாவது சிக்கல் என்றால் உள்ளூர்க் கிளையில் அவளுக்கென்று ஒரு தன்னார்வலர் இருப்பார், மாதம் ஒரு தடவையாவது பார்த்துப் பேசுவார். முதலில் அவரிடம் சொல்லட்டும். சின்னச் சின்னத் தாங்கல்கள் பேசினால் தீர்ந்துவிடும். தீராவிட்டால் வேறு குடும்பத்துக்கு மாற்றிவிடுவார்கள். என்னோடு வந்த ஒருத்திக்கு நவம்பரில் மாற்றினார்கள், இரண்டு குடும்பத்தோடும் இன்றைக்கும் நல்ல உறவாகவே இருக்கிறாள்.

பேசுவது பற்றித்தான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் வேண்டாம். நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நீங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே ஒன்பதரை. அந்த நேரத்தில்தான் அவர்கள் சாப்பாட்டை முடித்துவிட்டு டீயும் அரிசி முறுக்கும் வைத்துக்கொண்டு கொதாத்சுவைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு நடந்ததையெல்லாம் பேசுவது அப்போதுதான். உங்கள் மகள் மாடி அறையில் போனோடு இருந்தால் அந்தப் பேச்சு அவளுக்குக் கிடைக்காது. என் அம்மா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் கூப்பிடுவார். அப்போது ஒகாஸானும் வந்து உட்கார்ந்துகொள்வார், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது, நான் நடுவில் இருந்து மாற்றி மாற்றிச் சொல்வேன். உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று தெரிகிறது. என் அம்மா முதல் மாதம் அழுதுகொண்டே இருந்தார் என்று அப்பா பிறகுதான் சொன்னார்.

பரிசுக்குத் தென்காசியில் இருந்துகொண்டு யோசிக்கவே வேண்டாம். பத்தமடையில் கோரைப் புல்லில் நெய்யும் சன்னப் பாய் ஒன்று, சின்ன அளவில் வாங்குங்கள். அவர்கள் வீட்டுத் தாதாமித் தரையும் கோரை மாதிரி ஒரு புல்லில் நெய்ததுதான். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அதைத் தடவிப் பார்த்து எந்த ஊர், யார் நெய்வது, எத்தனை நாள் ஆகும் என்று கட்டாயம் கேட்பார்கள். கிளம்புவதற்கு முன்னால் மகளைப் பத்தமடைக்கே ஒருநாள் கூட்டிப்போய்த் தறியைக் காட்டுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும். பாயைச் சுருட்டிப் பையில் மேலாக வையுங்கள், சுங்கத்தில் கேட்டால் எடுத்துக் காட்டிவிடலாம். குடும்பம் எந்த ஊர் என்று தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள். நாகாவோகா பக்கமாக இருந்தால் எங்கள் ஒகாஸானிடம் சொல்கிறேன், அவரே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.